விதானையார் எழுதிய பெயர்கள்

எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் விதானையார் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிடுவார். தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் கோப்பை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் நின்றுவிடும். வெளியே நிற்பவர் என்ன பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதைத்தான் அவர் உற்றுக் கேட்பார். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பட்டப்பகலில் யார் வந்துவிடப் போகிறார்கள்? பக்கத்து வீட்டுச் சமோவாக்காரர் அவித்த கிழங்கைத் தட்டில் மூடிக் கொண்டுவருவார். வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிய இரண்டு பையன்கள் வேதம் சொல்ல வருவார்கள். பெயர் சொல்லாமல் தட்டுகிறவர்கள் என்றால் விதானையாருக்கு மூச்சு திரும்பிவிடும். ஒருமுறை பார்சல் கொண்டுவந்த பெண் அதில் எழுதியிருந்த என் முழுப்பெயரைத் தடுமாறித் தடுமாறி வாசித்தாள். விதானையார் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவரை வெளியே வரவைக்க அம்மாவுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. என்னுடைய புத்தகம் ஒன்றுதான் வந்தது என்று சொல்லியும் அன்று முழுவதும் அவர் முன்கதவுப் பக்கம் வரவில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சாண்ட்ரிங்ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜை மறித்து ஓர் அறையாக்கி, அதில் அவரை வைத்திருந்தோம். எங்களுக்கு அவர் சொந்தக்காரர் இல்லை. மன்னார்க் கரையோரம் எங்கள் ஊரையும் அயலிலிருந்த நான்கைந்து ஊர்களையும் பார்த்துக்கொண்ட அரசாங்க உத்தியோகத்தர். கடதாசியில் கிராம சேவகர் என்றிருக்கும். சனம் பழைய வழக்கப்படி விதானையார் என்றுதான் சொல்லும். கூப்பன் வேண்டுமா, வதிவிடச் சான்றிதழ் வேண்டுமா, அவரிடம்தான் போக வேண்டும். எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற இடாப்பும் அவர் கையில்தான். என் அப்பா வலை இழுத்தவர், எழுதத் தெரியாதவர். விதானையாரின் மைப்பெட்டியில் நனைந்து நனைந்தே அவருடைய பெருவிரல் நீலமானது. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தில் கடைசிவரை இருந்த முதல் ஆள் நான்.

அக்காவும் அத்தானும் ஸ்பொன்சர் செய்து எங்களைக் கூப்பிட்டு இரண்டு வருடங்களின் பின், விதானையார் விசிட்டர் விசாவில் வந்து அகதி விண்ணப்பம் போட்டார். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் தகனினியில் பந்தயக் குதிரைகள் வளர்க்கிற லாயமொன்றில் சேர்ந்தார். அப்பா மீன் வெட்டும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்திருப்பார். விதானையார் உள்ளே வந்தால் அந்தக் களைப்போடும் எழுந்து சாரத்தை இறக்கிவிட்டு நிற்பார். “இருங்கோ, இருங்கோ. இப்ப நான் குதிரைச் சாணி அள்ளுறவன்” என்பார் விதானையார். அப்பா இருக்கமாட்டார். அதைப் பழைய மரியாதை என்று நினைத்து எனக்குக் கோபம் வரும்.

காலையில் பல்கலைக்கழகம் போகுமுன் நான்தான் அவரை மோட்டர்வேயில் லாயத்துக்குக் கொண்டுபோய் விடுவேன். பயமில்லாத நாட்களில் பகிடி விடுவார். “தம்பி, இந்தக் குதிரையளுக்கும் இடாப்பு இருக்குது. தாய் பேர், தேப்பன் பேர், பேரன் பேர் எல்லாம் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாங்கள். எங்கட சனத்தின்ர இடாப்பைவிட வடிவு.”

அந்த வருடம் நான் எடுத்த பாடம், நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன் பேரரசுகள் எப்படி எழுந்தன, எப்படி நின்றன என்பது. கப்பலில் வந்தவர்கள் சில நூறு பேர். எதிரே ஒரு முழு நாடு. பீரங்கியால் ஒரு கோட்டையைப் பிடிக்கலாம். நூறு வருடம் இருக்க முடியுமா? அதற்கு மூன்று காரியம் வேண்டியிருந்தது என்பார் எங்கள் விரிவுரையாளர். முதலில் ஒரு நியாயம்: உங்களைக் காப்பாற்ற வந்தோம், உங்கள் ஆன்மாவுக்காக வந்தோம். பிறகு ஓர் எழுத்து: யாருடைய காணி, யாருடைய பனை, யாருடைய பிள்ளை. பிறகு அதை எழுதித் தர உள்ளூரில் ஓர் ஆள். அவனுக்கு ஒரு பட்டம், ஒரு சலுகை. கோட்டைக்குள் இருப்பவனுக்கு ஊரின் பாஷை தெரியாது, சந்து ஒழுங்கை தெரியாது. எழுதித் தருகிறவன் கண்ணால்தான் அவன் ஊரைப் பார்த்தான்.

மன்னார்க் கோட்டை மதிலில் ஏறி விளையாடியவன் நான். போர்த்துக்கேயர் எழுதிவைத்த தோம்பு என்னும் காணிப் பதிவைப் பற்றி நூலகத்தில் வாசித்தபோது, அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பது போலிருந்தது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு ஆளுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைக்கிற கோயில் பெயர் ஒன்று. அநேகமாகப் போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயர். அது கோயில் புத்தகத்திலும் விதானையாரின் இடாப்பிலும் மட்டும் இருக்கும். வீட்டிலும் கடற்கரையிலும் கூப்பிடுகிற பெயர் வேறு. கூடப்பிறந்தவனின் கோயில் பெயர் தெரியாதவர்கள்கூட உண்டு. ஆட்சி எங்களை அழைத்தது ஒரு பெயரில், அம்மா அழைத்தது இன்னொன்றில். இதை வைத்துத்தான் என் கட்டுரையை எழுதினேன். நல்ல புள்ளி வந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய, கோயில் மண்டபத்தில் இளைஞர் ஒருவரைப் பேச விடுவார்கள். அந்த மாதம் என்னைக் கேட்டார்கள். அக்காவின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பா முன்வரிசையில் இருந்தார். நான் கட்டுரையைத் தமிழில் சொன்னேன். தோம்பைச் சொன்னேன், இரண்டு பெயரைச் சொன்னேன். “வந்தவன் கொஞ்சப் பேர். ஆனால் எங்கட பேரை எழுதிக் குடுத்தவன் எங்கட ஆள். அவன் எழுதாட்டி வந்தவன் ஒரு மாரிகூட இங்க நிண்டிருக்கமாட்டான்” என்றேன். கை தட்டினார்கள். அப்பா மட்டும் தட்டவில்லை. விளங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

கேள்வி நேரத்தில் பேக்கரி அக்கா எழுந்தார். பாண் பேக்கரியில் வேலை செய்ததால் எல்லோருக்கும் அவர் பேக்கரி அக்கா. எங்களுக்கு அடுத்த ஊர். அவருடைய கணவரை ஒரு பின்னேரம் இலங்கை ஆமி வீட்டில் வந்து கொண்டுபோனது. அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். ஏழு வருடமாக அதே பதில்தான்.

“தம்பி, எனக்கொரு சந்தேகம். ஆமி எங்கட படலையில நிண்டு அவரைக் கோயில் பேர் சொல்லிக் கூப்பிட்டவை. எனக்கே கலியாணம் எழுதின அண்டைக்குத்தான் அந்தப் பேர் தெரியும். அவங்களுக்கு ஆர் சொல்லியிருப்பினம்?”

பேச்சின் சூடு என்னிடம் இன்னும் ஆறவில்லை. “இடாப்பு வைச்சிருந்த ஆள்தான் அக்கா குடுத்திருக்கோணும். அண்டைக்கும் இண்டைக்கும் அதுதானே வழி” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பேக்கரி அக்கா மெதுவாகத் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே தேநீர் மேசையில் விதானையார் கொதிநீர்க் கலனின் குழாயைத் திறந்தபடி நின்றார். கோப்பை நிறைந்து, சோசர் நிறைந்து, சுடுநீர் அவர் விரல்களில் வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கார் நின்றதும் விதானையார் நேரே கராஜுக்குள் போனார். அப்பா கோட்டைக் கழற்றாமலே என் முன்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. கடலில் புயல் பிடித்தபோதுகூட அந்த முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

“மேடையில ஏறி மனுசனைச் சாகடிச்சுப்போட்டியே மோனை.”

“எனக்குத் தெரியாதப்பா. அவர்தான் எழுதினவரோ?”

“எழுதினவர். பதினாறு வயசுக்கு மேல உள்ள பெடியளை எழுதச் சொன்னவங்கள். உனக்கு அப்ப பதினாறு முடிஞ்சு நாலு மாசம். நான் போய் அவரின்ர வாசல்ல நிண்டனான். அவர் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு வயசைக் குறைச்சுப் போட்டு உன்னை விட்டிட்டார். நான் ஏன் அவரைக் கண்டால் எழும்புறன் எண்டு இப்பவாவது விளங்குதோ?”

நான் மரியாதை என்று நினைத்தது, தன் மகனின் உயிரை இரந்து பெற்ற ஒரு மனிதனின் கூச்சம். நான் மேடையில் நின்று பேசுவதற்கே அந்த இடாப்பில் ஒரு பொய் தேவைப்பட்டிருக்கிறது.

அகதி விசாரணைக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. விதானையாரைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. தப்பி ஓடியவர் என்று ஆமி தேடியது. ஆமிக்கு ஆள் காட்டியவர் என்று இயக்கப் பெடியள் அவர் வீட்டுக் கதவில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அவருடைய வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதில் அந்த இரண்டு மிரட்டலும் இருந்தன; ஆள் காட்டியது வீண்பழி என்றே நினைத்து எழுதினேன். பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இப்போது மண்டபத்திலிருந்த யாராவது ஒரு கடிதம் போட்டால் போதும். மற்றவர்களுக்குத் தீங்கு செய்ய உதவியவர் என்று தெரிந்தால் பாதுகாப்பு மறுக்கப்படலாம் என்று லோயர் முன்னமே சொல்லியிருந்தார். அந்த வாரம் டெலிபோன் அடித்தாலே வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தபால்காரர் போனதும் நான்தான் முதலில் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறப்பேன். விதானையார் என்னையும் பார்த்துப் பயந்தார். நான் கராஜ் வாசலில் நின்றால் கட்டிலில் இருந்து எழும்பி நிற்பார், அப்பாவைப் போலவே.

மூன்றாம் நாள் காலை, மோட்டர்வேயில் மழைக்குள் போகும்போது, நான் கேட்காமலே சொன்னார்.

“ஆமிப் பெரியவன் துவக்கை மேசையில வைச்சிட்டுத்தான் பேனையைத் தந்தவன். அப்ப ஊருகளில மிஞ்சியிருந்தது பதினாலு பேர். பொய்ப் பேர் எழுதினால் என்னைச் சுடுவான். அவையளின்ர வீட்டுப் பேரை எழுதினால் ஒரு மணித்தியாலத்தில அள்ளிக்கொண்டு போவான். நான் கோயில் பேரை எழுதினன் தம்பி. எங்கட ஊர் ஒழுங்கையில நிண்டு கோயில் பேரைச் சொல்லி இவர் எங்க எண்டு கேட்டால் ஆருக்குத் தெரியும்? உண்மையாத் தெரியாது. பொய் சொல்லத் தெரியாத சனமும் தெரியாது எண்டுதானே சொல்லும்.”

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

“சொன்னதுதான். விசாரிச்சு விசாரிச்சுக் களைச்சுப் போனாங்கள். அதுக்கிடையில பெடியள் வள்ளத்தில ஏறிட்டாங்கள். பதின்மூண்டு பேர். பேக்கரிப் பிள்ளையின்ர மனுசன் மட்டும் தன்ர பேரைக் கேட்டு வெளிய வந்திட்டார். ஏன் வந்தவர் எண்டு இண்டைவரை எனக்குத் தெரியாது. தெரிஞ்சால் நித்திரை வருமோ எண்டு யோசிப்பன்.”

கட்டுரையில் நான் எழுதித் தருகிறவனுக்கு ஒரு பட்டமும் ஒரு சலுகையும் கொடுத்திருந்தேன். மேசையில் துவக்கு வைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பேக்கரி அக்கா வந்தார். வேலை உடுப்போடு, கைகளில் மாவோடு. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் நின்றபடியே “விதானையார்” என்று கூப்பிட்டார். அவர் குளியலறைக்குள் ஓடவில்லை. முன்னால் வந்து, அப்பாவின் பக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரில் என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னார். குறைக்கவில்லை, கூட்டவுமில்லை.

அக்கா கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “ஃபாதர்தான் ஆளனுப்பியிருக்கிறார் எண்டு நினைச்சவர். கோயில் ஆக்கள்தானே அந்தப் பேர் சொல்லுவினம். கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, நல்ல சேட்டு மாத்திக்கொண்டு போனவர்.”

விதானையார் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அவருடைய உபாயம் பலித்ததும் அந்தப் பெயரால்தான், அந்த மனிதர் போனதும் அதனால்தான். அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா அதை வாங்கவில்லை.

“நான் அழ வரேல்லை. இவரைச் சபிக்கவும் வரேல்லை. அவர் பேரில ஆமியிட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பிடிக்கேல்லை எண்டு சொல்லுறாங்கள். இவர் எழுதினால் பிடிச்சது உண்மையாகும். விசாரணையில குடுக்கிற கடதாசியில எழுதுங்கோ. எழுதச் சொன்னவன் ஆர், ஆரின்ர பேரை எழுதினீங்கள், எல்லாம்.”

“அதை எழுதினால் இவரைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், பிள்ளை” என்றார் அப்பா.

“அது எனக்குத் தெரியாது அண்ணை. எனக்கு அந்தக் கடதாசி வேணும்.”

அவர் போன பிறகு லோயருக்குப் போன் எடுத்தேன். எழுதினால் ஆபத்து, எழுதாமல் பிறகு வெளியே வந்தால் அதைவிட ஆபத்து, முடிவு அவருடையது என்றார். அதை அப்படியே விதானையாரிடம் சொன்னேன். நான்கு நாட்கள் அவர் வேலைக்குப் போய் வந்தார், சோறு தின்றார். காரில் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு காலை, தகனினி திருப்பத்தில், “அவங்கள் என்னை எப்பிடிக் கொல்லுவாங்கள் எண்டு ஒவ்வொரு விதமாயும் யோசிச்சுப் பார்த்திட்டன் தம்பி” என்றார். நான் சிக்னலைப் போட்டுத் திருப்பினேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் அடிமட்டமும் வெள்ளைத் தாளும் கேட்டார். சாப்பாட்டு மேசையில் இருந்து நேர்கோடுகள் கீறினார். இலக்கம், கோயில் பெயர், வீட்டுப் பெயர், ஊர், வயது, நடந்தது. பழைய இடாப்புக் கையெழுத்து, ஒரு புள்ளி தவறாமல். பதினான்கு பேரையும் நினைவிலிருந்து எழுதினார். பதின்மூன்று இடத்தில் ‘தப்பினார்’ என்றும், ஓரிடத்தில் ‘என் எழுத்தினால் பிடிபட்டார்’ என்றும் இருந்தது. மேலே அந்த ஆமி அதிகாரியின் பெயரும் முகாமும். அதோடு முடியும் என்று நினைத்தேன். பதினைந்தாவது வரி கீறி, அதில் என் இரண்டு பெயர்களையும் எழுதினார். வயதுக்கு நேரே: ‘பதினாறு. பதினைந்து என்று பதியப்பட்டது.’

“இது ஏன் விதானையார்?” என்றேன்.

“ஒருத்தனை விட்டதையும் எழுதோணும் தம்பி. அதை மறைச்சால் மற்றதையும் மறைச்ச மாதிரித்தான்.”

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் எந்த வரியில் விதானையாரின் பேனை நின்றது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் அதை ஆங்கிலத்தில் மாற்றினேன். என் வரியை மட்டும் மூன்று முறை திருப்பி எழுதினேன்.

விசாரணையன்று பேக்கரி அக்கா வந்திருந்தார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே லோயரிடம் போய்ச் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார். எதைச் சொல்லப் போகிறார் என்று லோயருக்குத் தெரிந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. சிறிய அறை, நீலக் கம்பளம், ஒரு தண்ணீர்ச் சாடி. இவ்வளவு சின்ன இடத்தில் ஓர் உயிரைத் தீர்மானிக்க முடியுமா என்றிருந்தது. விதானையார் தன் பட்டியலை ஒப்புக்கொண்டு சொன்ன பிறகு, அக்காவிடம் இவரை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டார்கள்.

“இல்லை” என்றார் அக்கா. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்குமுன்னே தொடர்ந்தார். “மன்னிக்கேல்லை. ஆனால் இவரை அனுப்பினால் சுட்டுப்போடுவினம். பிறகு எங்கட ஆளை ஆமிதான் கொண்டுபோனது எண்டு சொல்ல இந்த உலகத்தில ஒருத்தரும் இல்லை. இவர் உயிரோட இருக்கோணும்.”

விதானையார் தலை நிமிரவில்லை.

முடிவு வர ஐந்து மாதம் ஆனது. இருக்கலாம் என்று வந்தது. கடிதத்தை நான் வாசித்தேன், அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். விதானையார் “எத்தனை வருசம் எண்டு போட்டிருக்கிறாங்கள்?” என்று கேட்டார். காலவரை இல்லை என்றேன். அதைக் கேட்டு அவர் முகம் வெளிறியது ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை; உயிரோடிருக்கச் சொல்லி அக்கா விதித்ததற்கும் காலவரை இல்லை.

இப்போது நான் பாடசாலையொன்றில் சரித்திரம் படிப்பிக்கிறேன். பேரரசுகளின் பகுதி வரும்போது நியாயத்தையும் எழுத்தையும் எழுதித் தந்த ஆளையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்த ஆளைப் பற்றிச் சொல்லும்போது முன்போல் வேகமாகப் பேச வருவதில்லை. விதானையார் லாயத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன வருடம் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து பதினொரு மணிக்கு, பேக்கரி அக்கா அவருக்குப் போன் எடுப்பார். கோயிலில் எதிர்ப்பட்டால் முகம் கொடுக்கமாட்டார். போன் மட்டும் தவறியதில்லை. சென்ற மாதம் அந்த நேரத்தில் நான் அங்கே இருந்தேன். பத்தரைக்கே அவர் சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். அடித்ததும் எடுத்தார். அறை சிறியது, மறுபக்கக் குரல் எனக்கும் கேட்டது.

“இருக்கிறீங்களோ?”

“ஓம் பிள்ளை. இருக்கிறன்.”

“மருந்து?”

“போட்டனான்.”

அவ்வளவுதான். அக்கா வைத்துவிட்டார். விதானையார் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு நான் எடுக்காட்டி, தம்பி, அது உம்மட வீட்டுக்குத்தான் வரும். நம்பர் குடுத்திருக்கிறன். பதினைஞ்சாவது வரி நீர்தானே, எனக்குப் பிறகு சாட்சியும் நீர்தான்.”

இந்த மாத முதல் ஞாயிறு பதினொரு மணிக்கு நான் எங்கள் வீட்டு டெலிபோனுக்கு முன்னால் இருந்தேன். அடிக்கவில்லை; அவர் எடுத்திருக்கிறார். பதினொன்று பத்துவரை எழும்பாமல் இருந்தேன்.